எலிப்பொறிச் சுவர்

குலசேகரம் பக்கம் எங்கள் ஊரில் ஒரு அக்காவுக்கு வீடு கட்டுகிறோம். கைக்காசை நம்பினால் அஸ்திவாரத்தோடு நின்றுவிடும். அதனால் கொத்தனாருக்கு மட்டும் கூலி. கையாள் வேலை எங்களுடையது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்துவிட்டு வர பத்து மணியாகும். மழை நாளில் வெட்டு கிடையாது, எல்லாரும் சும்மா இருப்பார்கள். ஆனால் அன்றைக்குச் சுவரும் எழும்பாது. என்ன செய்ய!

சுவர், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட வேண்டும். ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம். உள்ளே வெக்கையும் குறையும்.

"காத்துக்கு நிக்குமாடே?" என்றார் கொத்தனார் அண்ணன். 2017 ஒக்கிப் புயலைப் பார்த்தவர், கேட்கத்தான் செய்வார். திருவனந்தபுரம் தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுசுக்குக் கூட்டிப்போனேன். காபி ஆறிப்போக, சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் நான் வைத்த வரிசையை அவரே பிரித்துப்போட்டார். இடைவெளிமேல் பலகை வைக்க மறந்து, சாந்து முழுக்க உள்ளே விழுந்திருந்தது. சரி, மத்தியானம் அக்காவின் மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை லின்டல் வார்ப்பு, கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற கான்கிரீட். இன்னும் நாலு பேர் வேண்டும்.