எதோடு ஒப்பிடுவது?

எங்கள் அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தில், விலைவாசி அறிக்கையின் முதல் வரியைப் பற்றி ஒருமுறை எழுந்த பேச்சு அது. உணவுப் பொருள் விலை போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. போன ஆண்டின் அதே மாதத்தைவிடக் கூடியிருந்தது. அறுவடை முடிந்ததும் விலை இறங்குவது இயல்பு என்பதால் ஆண்டு ஒப்பீட்டைத்தான் எப்போதும் முதலில் வைப்போம். மேலதிகாரி வரைவைப் பார்த்துவிட்டு, "மாத ஒப்பீட்டை மேல கொண்டு வாங்க" என்றார். கூட வேலை பார்த்த நண்பர் ஏன் என்று கேட்டார். "எண்ணை மாத்தச் சொல்லலையே!" என்றார் மேலதிகாரி.

அதில் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அர்ஜென்டினாவில் 2007-இல், விலைக் குறியீட்டுக்குப் பொறுப்பாக இருந்த கிரசியேலா பெவாக்வாவை அரசு நீக்கியது. அப்புறம் அந்த எண்கள் மீதிருந்த நம்பிக்கையே போனது. 2013-இல் பன்னாட்டு நாணய நிதியம் அந்நாட்டைக் கண்டித்தது. அங்கே அழுத்தம் கண்ணுக்குத் தெரிந்தது. எங்களுக்கு மேலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஆண்டு ஒப்பீடு மேலே இருந்தால் ஆட்சியில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது என்று மேலதிகாரி தானே ஊகித்துக்கொண்டார். அலுவலகங்கள் அரசியலாவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஒப்பீடுகளையும் முதல் பத்தியிலேயே வைத்தேன், மாத ஒப்பீடு முன்னால். எதையும் மறைக்கவில்லை. இன்றும் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்திகளில் முதல் வரி மட்டும்தான் வந்தது.

நண்பர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவர் எந்தக் கட்சி என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. சில நாட்களிலேயே "அவர் எதிர்க்கட்சி ஆள்" என்று பேச்சு கிளம்பியது. அவரோடு சாப்பிட உட்கார்ந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். பிறகு அவரும் மாறினார். அரசுக்குச் சாதகமான எண் வந்தால் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்; பாதகமானது வந்தால் ஒரு தடவை பார்த்ததோடு சரி. முத்திரை குத்தியதால் அப்படி ஆனாரா, முன்பே அப்படித்தான் இருந்தாரா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறேன். அன்று நானும் மறுத்திருந்தால் அவர் தனியாகியிருக்க மாட்டார். அல்லது 'எதிர்க்கட்சி ஆட்கள்' இருவர் ஆகியிருப்போம்.

எதோடு ஒப்பிடுவது என்பதை எண் கைக்கு வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும் என்று இப்போது கேட்டு வருகிறேன். போன கூட்டத்தில் சொன்னபோது, யாருக்காகப் பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டார். கேட்டது அந்த நண்பர்தான்.