பம்பின் பலத்தைவிடத் தண்ணீரின் பாதை முக்கியம்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் விளக்கைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் நீரோட்டத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். பவளம் இருந்த இடத்திலேயே இருக்கும் உயிர். ஆக்ஸிஜனையும் இரையையும் அதன் வாய்க்குக் கொண்டுவருவதும், அது வெளியேற்றும் சளியையும் கழிவையும் அள்ளிக்கொண்டு போவதும் ஓடும் தண்ணீர்தான். ஓட்டம் நின்ற இடத்தில் எவ்வளவு நல்ல வெளிச்சம் விழுந்தாலும் அது சோர்ந்துவிடும்.

என் தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். தண்ணீர் 50 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், 300 லிட்டர். கீழே சம்ப், அதாவது தண்ணீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும் துணைத்தொட்டி. மேலே தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் மணிக்கு 4,000 லிட்டர் தள்ளும். அந்த இரண்டின் கணக்குப்படி தொட்டித் தண்ணீர் மணிக்கு 26 தடவைக்கு மேல் புரளும். மென்பவளங்களுக்கு 10 முதல் 20 மடங்கு, கிளைவிட்டு வளரும் கல்பவளமான அக்ரோபோரா போன்றவற்றுக்கு 30 மடங்கும் அதற்கு மேலும் என்பது வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளும் பொதுக்கணக்கு. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் பம்பின் ஓட்டத்தையும் சேர்த்தால் அந்தக் கணக்கில் என் தொட்டிக்குக் குறையே இல்லை. ஆனாலும் வலது பின்மூலை மணலில் சிவப்பு வழுவழுப்புப் படலம் படர்ந்தது. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்தான் அது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் அடுத்த வாரமே அதே இடத்தில் வந்து உட்காரும்.

பெரிய பம்பாக மாற்றச் சொன்னார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் பம்பை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பவளத்துக்குப் போடும் தூள் இரையைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொரு மூலையிலும் மெதுவாக விட்டேன். அறை விளக்கை அணைத்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் ஒவ்வொரு துகளும் தெரியும். இடப்பக்கத்துப் பம்பின் ஓட்டம் நேராக நடுப்பாறையில் மோதி மேலே ஏறியது. எதிரே வந்த ஓட்டம் அதோடு முட்டி அங்கேயே அடங்கியது. பாறைக்குப் பின்னால் விட்ட தூள் ஆடாமல் அசையாமல் நேரே மணலில் இறங்கியது. மீன் கழிவும் மிச்ச இரையும் தினமும் அப்படித்தான் அங்கே இறங்கிக்கொண்டிருந்தன.

ஆகவே கைவைக்க வேண்டியது பாறையில். பவளங்களைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிகளுக்கு மாற்றி, சிறு பம்பும் ஹீட்டரும் போட்டுவைத்தேன். பின்கண்ணாடியை ஒட்டியிருந்த குவியலை ஒரு கை நுழையும் அளவுக்கு முன்னே இழுத்தேன். ஒரே மலையாக இருந்ததை இரண்டாகப் பிரித்து நடுவில் வாய்க்கால் விட்டேன். அடிப்பாறைகளுக்குக் கீழேயும் தண்ணீர் புகுந்து போகும்படி சிறு கற்களைக் கால்களாகக் கொடுத்தேன். அந்தக் கால்கள் மணல்மேல் நிற்கக் கூடாது, தொட்டியின் அடிக்கண்ணாடியில் நிற்க வேண்டும். மணலைத் தோண்டும் மீனோ இறாலோ இருந்தால் மேலே உள்ள பாறை சரிந்துவிடும். கிளம்பிய கசடை உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

பம்புகளை எதிரெதிரே பார்க்க வைக்கும் வழக்கத்தையும் விட்டேன். இடப்பக்கத்துப் பம்ப் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முன்கண்ணாடியை ஒட்டி வலப்புறம் தள்ளுகிறது. வலப்பக்கத்துப் பம்ப் கொஞ்சம் தாழ்வாக, பாறையின் பின்புறமாக இடப்புறம் தள்ளுகிறது. இப்போது மொத்தத் தண்ணீரும் செக்கு மாடு போல ஒரே திசையில் சுற்றிவருகிறது. ஒன்று வேகமெடுக்கும்போது மற்றது தணியும்படி கன்ட்ரோலரில் அமைத்திருக்கிறேன். ஒரே பக்கமாக விடாமல் அடிக்கும் ஓட்டம் பவளத்துக்கு ஆகாது. நீண்ட கைகளை ஆட்டும் யூஃபிலியா என்ற பவளத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதன் கைகள் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்து, வேறு பக்கம் சாய்ந்தால் நல்லது. எல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்து, எதிர்ப்பக்கத்தில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கினால் உடனே இடம் மாற்ற வேண்டும்.

சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பைத் தனியாகச் சோதித்தேன். பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருந்தது. அது தண்ணீரை உயரே ஏற்றாதபோது உள்ள அளவு. உயரமும் குழாயின் ஒவ்வொரு எல்போ வளைவும் அதைக் குறைக்கும். மேலே வரும் குழாயை 10 லிட்டர் வாளிக்குத் திருப்பி நேரம் பார்த்தேன்: 24 வினாடி. அப்படியென்றால் மணிக்கு 1,500 லிட்டர், தொட்டிக்கு 5 மடங்கு. சம்ப் வழியான சுற்றுக்கு இது போதும். பவளத்துக்கான ஓட்டத்தை இந்தப் பம்பிலிருந்து எதிர்பார்ப்பது வீண். அது வேவ்மேக்கரின் வேலை.

குழாயின் வாயை மேல்மட்டம் சிலிர்க்கும்படி சற்று மேல்நோக்கித் திருப்பினேன். எண்ணெய்போல் மிதந்த படலம் உடைந்து, சம்ப்புக்குத் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோவுக்குள் இறங்கியது. பவளமும் பாசியும் இரவில் ஆக்ஸிஜனைத் தயாரிப்பதில்லை, எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன. அந்த நேரத்துக்குத்தான் இந்தச் சிலிர்ப்பு மிகவும் தேவை.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதைப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும். குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், என் தொட்டியின் அளவுக்கு 30 லிட்டர் அந்தக் குழாய் வழியே சைஃபனாக, தானே பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, சம்ப்புக்குள் இறங்கிவிடும். 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தியதும் 12 லிட்டர்தான், சம்ப் தாங்குகிறது. தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்பக் கூடாது, சுண்ணாம்புப் பாசி படிந்தால் அது முழுதாக மூடாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது.

சிவப்புப் படலம் படிப்படியாகக் குறைந்து அந்த மூலையில் இப்போது வெறும் மணல் தெரிகிறது. இரையையும் அளந்து போட்டேன், அதற்கும் இதில் பங்குண்டு. பம்புகளை அவ்வப்போது கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து அலசி மாட்டுகிறேன். சுண்ணாம்பு ஏறிய பம்ப் சத்தமில்லாமல் பலம் இழந்துகொண்டே போகும்.

இந்த அமைப்பும் அப்படியே நிலைப்பதில்லை. அக்ரோபோராவின் கிளைகள் அடர்ந்துவிட்டதால் அதன் உட்புறத்துக்கு ஓட்டம் குறைந்திருக்கிறது. வலப்பக்கத்துப் பம்பை ஒரு சாண் உயர்த்தி, மறுபடி தூள் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.