கவிழ்த்து வைத்த ‘ப’

“முன்னாடி ஒருத்தன் கொடியைத் தூக்கிக்கிட்டு நடப்பான், பின்னாடி நாப்பது பேர் ஓடணும். அந்த மாதிரி டூருக்கெல்லாம் நான் வரலடா” என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நடக்க வைத்தவள். ஓய்வுபெற்ற பிறகு தானே வரிசையில் நிற்க அவளுக்கு இஷ்டமில்லை.

அவள் கேட்ட ஊர் மாஸ்கோ. சின்ன வயதில் எங்கள் வீட்டு அலமாரியில் பாதி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகளில் அப்பா வாங்கிய சோவியத் தமிழ்ப் புத்தகங்கள்தான். கெட்டி அட்டை, நல்ல தாள், கொள்ளை மலிவு. அந்தப் பக்கங்களில் படித்த பனியையும், சமோவார் என்ற டீக் கொதிகலனையும் ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்பது அவள் ஆசை. செப்டம்பரில் பனி கிடைக்காது என்றேன். “சமோவார் கிடைக்கும்ல? போதும்.”

இப்படித்தான் 2024 செப்டம்பரில் மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கசான் என்று மூன்று ஊர்கள் முடிவாயின. போர் நடத்திக்கொண்டிருக்கும் நாட்டுக்கு இப்போது போகவேண்டுமா என்று கேட்காத உறவினர் இல்லை. நியாயமான கேள்விதான். எல்லைப் பக்கம் போகாமல், திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைச் சும்மா விட்டுத் திட்டம் போட்டேன். அதற்குமேல் என்னிடம் பதில் இருக்கவில்லை.

விசா நான் பயந்த அளவுக்கு இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. அழைப்புக் கடிதமோ ஓட்டல் முன்பதிவோ கேட்பதில்லை. நாங்கள் போனபோது 16 நாள்தான் தங்கலாம். 2025 ஆகஸ்டில் அதை 30 நாளாக்கிவிட்டார்கள். கவனிக்கவேண்டியது, காலண்டர் நாளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ராத்திரி பதினொன்றரைக்குத் தரையிறங்கினாலும் ஒரு நாள் போச்சு. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு மைகிரேஷன் கார்டு என்று ஒரு துண்டுக் காகிதம் தருவார்கள். ஊர் திரும்பும்வரை அதைத் தொலைக்கக் கூடாது. ஓட்டலில் அதைக் காட்டினால் பதிவு வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

பணம்தான் பெரிய தலைவலி. ரஷ்யாவுக்கு வெளியே உள்ள வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வெறும் பிளாஸ்டிக். மொத்தப் பயணத்துக்கும் டாலராக எடுத்துப் போகவேண்டும். அக்கா உள்பாவாடையில் பை தைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன், மாஸ்கோவில் இறங்கியதும் என் பங்கையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். ஒரு நல்ல விஷயம், அப்போது ஒரு ரூபிள் கிட்டத்தட்ட ஒரு ரூபாய். டீக்கடையில்கூட மனக்கணக்கு போடவேண்டிய அவசியம் இல்லை.

இனி மொழி. எங்கள் இருவருக்கும் ரஷ்யன் ஒரு வார்த்தை தெரியாது. போய்வந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்து நூறு வாக்கியங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கி, நான்காம் நாள் விட்டுவிட்டேன். நாம் கேள்வி கேட்டுவிடலாம், அவர்கள் பதில் சொன்னால் என்ன செய்வது? அக்காதான் ஆசிரியர் புத்தியோடு சொன்னாள்: “பேசறதை விடு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு மொதல்ல என்ன சொல்லித் தருவோம்? எழுத்து. மொத்தம் முப்பத்து மூணுதானே. நம்ம 247-ஐ விடவா?”

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டினாள். முப்பத்து மூன்றையும் மூன்று கூட்டமாகப் பிரித்தாள். முதல் கூட்டம் ‘நம்ம ஆளு’: ஆங்கில ஏ, கே, எம், ஓ, டி (A, K, M, O, T). பார்க்கவும் படிக்கவும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டாவது ‘வேஷக்காரன்’. ஆங்கில எழுத்தின் முகத்தை மாட்டிக்கொண்டு வேறு குரலில் பேசுகிறவர்கள் இவர்கள். பி (P) போல இருப்பது ‘ர’. எச் (H) போல இருப்பது ‘ந’. சி (C) என்றால் ‘ஸ’. பெரிய பி (B) என்றால் ‘வ’. ஏமாற்றுவது முழுக்க இந்தக் கூட்டம்தான். மாஸ்கோவில் முதல் நாள் ஒரு கடைவாசலில் ‘பெக்டோபா’ என்று நான் படித்த பலகை உண்மையில் ‘ரெஸ்தரான்’. பசியோடு அதைக் கடந்து போய்விட்டோம்.

மூன்றாவது கூட்டம் ‘புதுமுகம்’. வண்டு போல ஒன்று, கால் வைத்த வீடு போல ஒன்று, முதுகு காட்டி நிற்கும் ஆர் ஒன்று. இந்தக் கூட்டத்தில்தான் அக்கா ஒரு நாள் காலையில் சமையலறையிலிருந்து கத்தினாள்: “டேய், இங்க வா! நம்ம ‘ப’வைக் கவுத்து வெச்சிருக்காங்கடா!” உண்மைதான். நம் ப-வைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ரஷ்ய எழுத்து, ஒலியும் ப-தான். அவர்களுடையது கிரேக்கத்திலிருந்து வந்தது, நம்முடையது பிராமியிலிருந்து வந்தது, இரண்டும் வந்த வழி வேறு வேறு என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் திணறும் உயிரெழுத்து ஒன்று அங்கே உண்டு. ‘இ’யும் இல்லாமல் ‘உ’வும் இல்லாமல் நடுவில் நிற்கும். யூடியூபில் அதைக் கேட்டதும் அக்கா, “இது நம்ம குற்றியலுகரத்துக்குப் பக்கத்து வீடு” என்றாள். ‘காடு’, ‘ஆறு’ என்று முடிக்கும்போது உதடு குவியாமல் வரும் அந்த அரை உகரத்தை நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் தள்ளினால் வந்துவிடுகிறது. ‘வெளியே’ என்று பலகைகளில் இருக்கும் ‘வீஹத்’ என்ற சொல்லில் முதல் உயிர் அதுதான். மெட்ரோவில் ஒரு நாளைக்கு இருபது தடவை அதைத் தேடினோம்.

மாஸ்கோ மெட்ரோ 1935-இல் தொடங்கியது. அரண்மனை போல இருக்கும் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதை நான் எழுதப்போவதில்லை. மொழி தெரியாதவனுக்கு அங்கே காதும் உதவுகிறது. ரயில் நகர மையத்தை நோக்கிப் போனால் ஆண் குரல் அறிவிக்கும், மையத்தை விட்டு விலகினால் பெண் குரல். வேலைக்குக் கூப்பிடுவது முதலாளி, வீட்டுக்குக் கூப்பிடுவது மனைவி என்று அந்த ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்கிறார்களாம். வட்டப் பாதையில் கடிகாரச் சுற்றுக்கு ஆண், எதிர்ச் சுற்றுக்குப் பெண். இரண்டாம் நாளிலிருந்து கதவு மூடும் முன்பே அக்கா, “பொம்பளை பேசறா, இறங்கு” என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.

எழுத்து தெரிந்ததாலேயே ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். நான் டாலர் மாற்றப் போனேன். ‘அர்பாத்ஸ்கயா’ நிலையத்து வாசலில் நில் என்று அக்காவிடம் சொன்னேன். மாஸ்கோவில் அர்பாத்ஸ்கயா என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. அடர்நீலப் பாதையில் ஒன்று, வெளிர்நீலப் பாதையில் ஒன்று. வாசல் வேறு வேறு, கொஞ்ச தூரம் தள்ளி. அவள் நட்சத்திர வடிவில் கட்டிய வெளிர்நீலப் பாதை நிலையத்து முன்னால் நின்றாள். நான் இன்னொன்றில். சிம் கார்டு என்னிடம் மட்டும்தான். வரைபடத்தைத் திறந்தால் நான் வ்னூகவா விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டுகிறது! கிரெம்ளின் சுற்றுவட்டாரத்தில் ஜிபிஎஸ் இப்படித்தான் பொய் சொல்லும் என்று படித்திருந்தும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. நாற்பது நிமிடம் கழித்து அவளைக் கண்டுபிடித்தபோது அருகில் ஒரு பூக்காரப் பாட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் பொது மொழி ஏதும் இல்லை. பாட்டி என்னைப் பார்த்து ரஷ்யனில் நன்றாகத் திட்டினாள். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து சில பழக்கங்கள் வைத்துக்கொண்டோம். நிலையத்தின் பெயரோடு பாதையின் நிறத்தையும் சொல்லவேண்டும். ஓட்டல் முகவரியை ரஷ்யனில் எழுதிய தாள் இருவர் பையிலும் இருக்கவேண்டும். யாண்டெக்ஸ் மொழிபெயர்ப்பையும் டூஜிஸ் வரைபடத்தையும் இணையம் இல்லாமலே இயங்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

அக்கா சைவம். ‘பெஸ் மியாசா’, மாமிசம் இல்லாமல் என்று கற்றுப்போயிருந்தோம். சொன்னோம், சூப்பில் கோழி மிதந்து வந்தது. பரிமாறியவர் குழப்பத்தோடு, “மியாசா இல்லையே, குரீத்சா” என்றார். பலருக்கு அங்கே மியாசா என்றால் மாடும் பன்றியும். கோழி வேறு கணக்கு. நம்மூரில் முட்டை படும் பாடு நினைவுக்கு வந்தது. காப்பாற்றிய சொல் ‘போஸ்னயே’. கிறிஸ்தவ நோன்புக்கால உணவுக்கான சொல் அது. மாமிசம், முட்டை, பால் எதுவும் இருக்காது. இன்னொரு துணை ‘ஸ்தலோவயா’, தட்டை ஏந்திக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்டி வாங்கும் கேன்டீன். முட்டைக்கோஸ் வைத்த பிரஷ்கி பன், பீட்ரூட் சாலட், குதிரைவாலிச் சோறு போல உதிரியாக வரும் க்ரேச்சா. மோருக்குக் கெஃபிர் இருக்கிறது, புளிப்பு மட்டும் ஒரு படி தூக்கல். ஒரு கேன்டீனில் மெனுவைக் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். கையெழுத்தில் ‘த’ என்பது ‘எம்’ போல ஆகிவிடுகிறது, கவிழ்ந்த ‘ப’ கூட வளைந்து ‘என்’ ஆகிவிடுகிறது. அக்காவின் சார்ட் அங்கே படுத்துவிட்டது.

ரயில் டிக்கெட்டுகளை நிலையத்திலேயே ரொக்கத்துக்கு வாங்கினேன். தேதி, ரயில் எண், ஊர், ‘கூப்பே’ (நான்கு படுக்கை கொண்ட தனி அறை) என்று ரஷ்யனில் எழுதிய சீட்டை நீட்டினால் கவுண்டர் அம்மா கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவார். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ‘ஓச்செஸ்த்வோ?’ என்றார். தந்தை பெயரிலிருந்து உருவாக்கி நடுவில் வைக்கும் பெயர் அது. “நம்ம இனிஷியல்தாண்டா, அதை முழுசா எழுதறாங்க” என்றாள் அக்கா. ஆனால் எங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஏற்கெனவே குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. கையை விரித்தோம், கவுண்டர் அம்மா ஒரு கோடு போட்டுவிட்டார்.

மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்கிலும் பெரிய ரயில் நிலையங்களுக்குப் பெரும்பாலும் ரயில் போய்ச்சேரும் ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பீட்டர்ஸ்பர்குக்கு ஏறியது மாஸ்கோவின் லெனின்கிராத்ஸ்கி நிலையத்தில். லெனின்கிராத் என்பது பீட்டர்ஸ்பர்கின் சோவியத் காலப் பெயர். ஊர் 1991-இல் பழைய பெயருக்குத் திரும்பியும் நிலையம் மாறவில்லை. சப்சான் ரயில் 650 கிலோமீட்டரைச் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்தது. தூங்கி எழுந்த அக்கா இறங்கியதும் எழுத்துக் கூட்டிப் பலகையைப் படித்தாள்: “மஸ்-கோவ்-ஸ்கி... டேய், திரும்ப மாஸ்கோவுக்கே வந்துட்டமா?” ஆமாம், பீட்டர்ஸ்பர்கில் மாஸ்கோ ரயில்கள் நிற்கும் நிலையத்தின் பெயர் மஸ்கோவ்ஸ்கி.

பீட்டர்ஸ்பர்கில் ஐந்து நாள் இருந்தோம். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம், கால்வாய்கள், நள்ளிரவுக்கு மேல் தூக்கப்படும் பாலங்கள், எல்லாம் பார்த்தோம். சுற்றுலாப் பயணிகள் பழகிய ஊர், ஆங்கிலப் பலகைகளும் நிறைய. ஆகவே சொல்ல அதிகம் இல்லை.

மாஸ்கோ திரும்பி கசான்ஸ்கி நிலையத்தில் இரவு ரயில் ஏறினோம். பெட்டிக்கு ஒரு பணிப்பெண், ப்ரவத்னீத்சா. வாசலில் நின்று பாஸ்போர்ட்டை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். உள்ளே தாழ்வாரத்தின் முனையில் சுவரோடு சுவராக ஆளுயரத்துக்கு ஒரு கொதிகலன். எந்நேரமும் வெந்நீர், யாரும் பிடித்துக்கொள்ளலாம். குழாயும் அளவுமானியுமாக, பார்க்க ஏதோ ஆலை இயந்திரம் போல இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்ததை அக்கா விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “இதுதான் சமோவாரா?” ரயில்காரர்கள் இதைத் தித்தான் என்பார்கள், வேலை அதேதான் என்றேன். அவள் முகம் கொஞ்சம் விழுந்தது. பணிப்பெண் உலோகப் பிடி போட்ட கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்தபோது சரியாகிவிட்டது. அந்தப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மூன்று டம்ளர் குடித்தாள்.

காலையில் கசான். தாதார் மக்களின் தலைநகரம். பலகைகளில் ரஷ்யனுக்குப் பக்கத்தில் தாதார் மொழியும் இருக்கிறது, அதற்கும் அதே எழுத்துதான். அக்கா வழக்கம்போலப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு பலகை முன்னால் நின்றுவிட்டாள். வேஷக்காரன் ‘ந’வுக்கு அடியில் சின்ன வால் ஒன்று தொங்கியது. போனில் தேடிப் பார்த்தேன். தாதாருக்கு ஆறு எழுத்து அதிகம், மொத்தம் முப்பத்தொன்பது. அந்த வால் வைத்தவன் ‘ங’.

“ங-வா? ங மாதிரியேவா?”

“அதே ங-தான்.”

நடைபாதையிலேயே நின்று பையைத் திறந்தாள். “அந்தப் பேனாவைக் குடு. மீதி அஞ்சு என்னன்னு சொல்லு.”