ஒரே ஐபிக்கு அடித்துக்கொண்ட குளோன்கள்: கியா டிஎச்சிபி அனுபவம்

ஒருவழியாக என் லேபில் கியா, அதாவது நெட்வொர்க்கில் சேரும் மெஷின்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர், ஒழுங்காக ஓடுகிறது. ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் எடுத்த உபுண்டு மெஷின்கள் எல்லாம் இப்போது தனித்தனி ஐபி வாங்குகின்றன. இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் கீழே படியுங்கள்.

நிறுவியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வருக்கு 2022லேயே பராமரிப்பு முடிந்துவிட்டது. அதே ஐஎஸ்சி தரும் அடுத்த சர்வர் என்பதால் கியாவுக்கு மாறினேன். ரவுட்டரில் இருந்த டிஎச்சிபியை அணைத்தாயிற்று. 192.168.10.100 முதல் 199 வரை பூல், அதாவது கியா பகிர்ந்து கொடுக்கும் முகவரிகள். நிலையான முகவரிகள் அதற்கு வெளியே. சோதனைக்காக லீஸ் (ஒரு ஐபியை வைத்துக்கொள்ளும் காலம்) 10 நிமிடம்தான். பாதி நேரம் போனதுமே கிளையன்ட் புதுப்பிக்க வந்துவிடும், லாக்கை வேடிக்கை பார்க்கத் தோது.

எரிச்சலூட்டுவது கியாவின் அமைப்புகளை எழுதும் ஜேசான் கோப்புதான். முன்பு நாலு வரியில் முடிந்த சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) அமைப்பு, இங்கே அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக இறங்கிக்கொண்டே போகிறது. சர்வரை மறுபடி தொடங்குமுன் மைனஸ் டி (-t) போட்டுக் கோப்பைச் சரிபார்த்துவிடுங்கள். எந்த வரியில் இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் குளோனுக்கு 101 கிடைத்தது. இரண்டாவதை எழுப்பினேன், அதற்கும் 101. முதல் மெஷினுக்குத் தொலைவிலிருந்து நுழையத் திறந்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பு அப்படியே உறைந்துபோனது. மறுபடி நுழைந்தால் இரண்டாவது மெஷினின் பெயர் காட்டுகிறது. டெம்ப்ளேட்டோடு எஸ்எஸ்எச் சாவிகளும் சேர்ந்தே நகலாகியிருந்ததால், ஆள் மாறிவிட்டது என்ற வழக்கமான எச்சரிக்கைகூட வரவில்லை. நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரிகள் ஒன்றாக இருக்குமோ என்று பார்த்தால், இல்லை, இரண்டும் வேறு வேறு.

லீஸ் கோப்பைத் திறந்ததும்தான் விளங்கியது. அது சாதாரண சிஎஸ்வி. முதல் நெடுவரிசையில் ஐபி, அடுத்து மேக், மூன்றாவது கிளையன்ட் ஐடி, அதாவது ஐபி கேட்கும் மெஷின் தன்னை இன்னார் என்று சொல்லும் அடையாளம். 101க்கான வரிகளில் மேக் மாறி மாறி வருகிறது, கிளையன்ட் ஐடி மட்டும் கடைசி எழுத்துவரை ஒன்றேதான். விண்டோஸ் அனுப்பும் கிளையன்ட் ஐடி 01 என்று தொடங்கி, பின்னால் மேக்கைச் சுமந்து வரும். இதுவோ எஃப்எஃப் என்று தொடங்குகிறது, மேக் எங்கேயும் இல்லை. 2006இல் வந்த ஆர்எஃப்சி 4361 என்ற இணைய விதிமுறை ஆவணம் சொல்லும் முறை அது. லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி இந்த ஐடியை, மெஷினின் தனி அடையாளத்தை வைத்திருக்கும் மெஷின்-ஐடி கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறது. குளோன் எடுத்தால் அந்தக் கோப்பும் நகலாகிவிடும். கியாவின் கண்ணுக்கு இரட்டையர் இருவரும் ஒரே அடையாள அட்டையை நீட்டுகிறார்கள். மேக் என்னவானாலும் கிளையன்ட் ஐடியைத்தான் நம்பு என்பது விதி. அதன்படி அது செய்தது சரியே.

டெம்ப்ளேட்டுக்குள் போய் ஈடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடியைக் காலி செய்தேன். கோப்பை அழிக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்தால், அடுத்த பூட்டில் புதிதாக ஒன்று உருவாகும். உருவானது, ஆனால் அதே பழைய ஐடி! காரணம் டிபஸ், நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் சேவை. வார்-லிப்-டிபஸ் அடைவிலும் ஒரு மெஷின்-ஐடி உண்டு. பெரும்பாலும் அது பிரதான கோப்பைச் சுட்டும் வெறும் சிம்லிங்க்தான். இந்த டெம்ப்ளேட்டில் தனிக் கோப்பாகவே கிடந்தது. பிரதான கோப்பு காலியாக இருந்தால் சிஸ்டம்டி முதலில் டிபஸிடம் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. அதை நீக்கிவிட்டு சிம்லிங்க் போட்டபிறகுதான் தீர்ந்தது. எஸ்எஸ்எச் சாவிகளையும் கையோடு புதிதாக்கிவிடுங்கள்.

கியா பக்கமே முடிக்கவும் வழி உண்டு. சப்நெட்டில் மேட்ச்-கிளையன்ட்-ஐடி என்பதை ஃபால்ஸ் ஆக்கினால், லீஸ் தேடும்போது மேக்கை மட்டுமே பார்க்கும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். டெம்ப்ளேட்டை மட்டும் திருத்தினால் போதாதா என்றால், எனக்கு அடுத்து பிஎக்ஸ்இ பூட், அதாவது நெட்வொர்க் வழியாகவே மெஷினை எழுப்புவது, வேண்டும். நெட்வொர்க் கார்டில் இருக்கும் பூட் நிரல் ஒரு அடையாளத்தோடும், பிறகு எழும் லினக்ஸ் இன்னொன்றோடும் வந்தால், ஒரே மெஷின் இரண்டு ஐபியை விழுங்கிவிடும். ஃபால்ஸ் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: மேக்கை அடிக்கடி மாற்றும் கருவி ஒவ்வொரு முறையும் புது ஆளாகவே தெரியும். தற்செயல் மேக் காட்டும் ஆண்ட்ராய்டு ஃபோன்களைத் தனி வைஃபையில் ஒதுக்கிவிட்டதால் எனக்குக் கவலையில்லை.

பாக்கெட்டைப் பார்க்க டிசிபிடம்ப்பே போதும். யுடிபி 67, 68 இரண்டையும் வடிகட்டி, மைனஸ் வி சேர்த்தால் ஆப்ஷன் 61இல் கிளையன்ட் ஐடி தெரிந்துவிடும். வயர்ஷார்க் திறக்கத் தேவையே இருக்கவில்லை.

பழைய ரிசர்வேஷன்களில் (குறிப்பிட்ட கருவிக்கென ஒதுக்கிய ஐபிகள்) பாதியைத்தான் இதுவரை கொண்டுவந்திருக்கிறேன், பிரிண்டரும் கேமராக்களும் பாக்கி. ஆனால் கை இப்போதே ஹெச்ஏ ஹூக் (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று ஏற்க உதவும் கியா துணைநிரல்) பக்கம் போகிறது. பழைய மினி பிசி ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் இன்னொரு கியாவை ஹாட்-ஸ்டாண்ட்பையாக நிறுத்தலாம். லீஸை 12 மணி நேரமாக ஏற்றுவதும் அதற்குப் பிறகுதான்.