பிக்சல் 2 எக்ஸ்எல் திரை: எது செட்டிங்ஸ், எது பேனல் கோளாறு

2017 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்எல் போன் வாங்கியவர்கள் கைக்கு வந்ததும் எழுந்த திரைப் புகார்களை இப்போது எடுத்துப் பார்த்தால், மூன்று வேறு வேறு விஷயங்களைச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பது தெரியும். நிறங்கள் வெளிறித் தெரிகின்றன என்பது ஒன்று. போனைச் சற்றே சாய்த்தால் வெள்ளை நீலமாகிறது என்பது இரண்டாவது. வெளிச்சத்தைக் குறைத்தால் சாம்பல் பகுதிகள் மணல் தூவியதுபோலத் திட்டுத்திட்டாகத் தெரிகின்றன என்பது மூன்றாவது. முதலாவது கூகுள் தெரிந்தே எடுத்த முடிவு. மற்ற இரண்டும் பேனலோடு, அதாவது ஒளியை வெளியிடும் திரைப் பாகத்தோடு, பிறந்தவை. புதுப் போனின் திரை பிடிக்காமல் போகிற எவருக்கும் இந்தப் பிரிவினை இன்றைக்கும் உதவும். முதல் வகைக்கு செட்டிங்ஸ் போதும். மற்ற இரண்டுக்கும் ரீப்ளேஸ்மென்ட் நாட்கள் முடிவதற்குள் கடைக்குப் போயாக வேண்டும்.

அந்த ஆண்டு கூகுள் இரண்டு போன்களைக் கொண்டுவந்தது. சின்னது 5 அங்குலம், எச்டிசி செய்து கொடுத்தது. பெரியது 6 அங்குல எக்ஸ்எல், எல்ஜி செய்து கொடுத்தது. திரையும் எல்ஜியின் பி-ஓஎல்இடிதான் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வகை), 2880 × 1440 பிக்சல். விலை அமெரிக்காவில் 849 டாலரிலும் இந்தியாவில் 73,000 ரூபாயிலும் தொடங்கியது. இரண்டு போனிலும் ஓடியது ஒரே ஆண்ட்ராய்டு 8.0. மென்பொருள் ஒன்று, பேனல் வேறு. வெளிறல் புகார் இரண்டுக்கும் வந்தது. நீலப் புகார் பெரும்பாலும் எக்ஸ்எல்லுக்கே வந்தது. எந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

முதலில் வெளிறல். இணையத்தில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் உருவானவை. 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, அன்றைய சிஆர்டி மானிட்டர்களை மனதில் வைத்து வகுத்த எல்லை அது. நல்ல ஓஎல்இடி பேனலால் அதைத் தாண்டி, சினிமாத் துறையின் டிசிஐ-பி3 வரைக்கும் போக முடியும். நிற வரைபடத்தில் அதன் பரப்பு சுமார் 25 சதவீதம் அதிகம். படக் கோப்பில் இருப்பதோ 0 முதல் 255 வரையான வெறும் எண்கள்: சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0. இது எந்த எல்லையின் 255 என்று கணக்குப் பார்க்காமல் அப்படியே பேனலுக்கு அனுப்பினால், பேனல் தன்னால் முடிந்த உச்சச் சிவப்பைக் காட்டிவிடும். முகங்கள் சிவந்துபோகும், புல் நியான் பச்சையாகும், பார்க்கப் பளிச்சென்று இருக்கும். கணக்குப் பார்த்து அனுப்பினால் அதே சிவப்பு, பி3 பேனலுக்கு 234, 51, 35 என்று மாறிப் போகும். உச்சத்திலிருந்து 21 படி இறங்கியாயிற்று. கூடவே கொஞ்சம் பச்சையும் நீலமும் கலந்தாயிற்று. பளிச்சென்ற திரைக்குப் பழகிய கண்ணுக்கு அது வெளிறலாகத் தெரியும். ஆனால் படத்தைச் செய்தவர் தன் மானிட்டரில் பார்த்த சிவப்பு அதுதான்.

ஆண்ட்ராய்டில் இந்தக் கணக்கைப் பார்க்கும் கலர் மேனேஜ்மென்ட் முறையாக வந்தது 8.0-இல்தான். 2016-இன் முதல் பிக்சலில் எஸ்ஆர்ஜிபி மோட் இருந்தது, ஆனால் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் ஒளிந்திருந்தது. தேடிப்போய் ஆன் செய்தவர்கள் குறைவு. ஆகவே ஓராண்டு முழுக்க உச்ச நிறத்தில் பழகிய கண்கள், 2017-இல் ஒரே நாளில் சரியான நிறத்துக்கு வந்து விழுந்தன. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே அளவு ஒளியை வெளியிட்டாலும், அடர்ந்த நிறம் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சமாகத் தெரியும். அதனால் நிறத்தைக் குறைத்தால் திரை மங்கியதாகவும் தோன்றும், மீட்டர் வைத்து அளந்தால் வெளிச்சம் குறைந்திருக்காது.

‘விவிட் கலர்ஸ்’ என்று ஒரு சுவிட்ச் தொடக்கத்திலேயே இருந்தது. அது நிறத்தை 10 சதவீதம் மட்டுமே கூட்டியது, ஆன் செய்தாலும் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. என் கணக்கில் கூகுள் சறுக்கிய இடம் இதுதான். அளவு சரியாக இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் 73,000 ரூபாய் கொடுத்தவர் தன் ருசிக்குக் கூட்டிக்கொள்ள ஒரு வழியை முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 26 அன்று கூகுள் பதில் சொன்னது. ‘சாச்சுரேட்டட்’ என்ற புது மோட் வரும். இரண்டு போன்களுக்கும் வாரன்டி 2 ஆண்டாக நீளும். உச்ச வெளிச்சம் 50 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) குறையும். கீழே இருக்கும் நேவிகேஷன் பட்டன்கள் சற்று நேரம் தொடாமல் விட்டால் மங்கும். கடைசி இரண்டும் பர்ன்-இன் (ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரையில் படியும் நிழல்) பிரச்சினைக்கு, அது தனிக் கதை. நவம்பர் தொடக்கத்தில் அப்டேட் வந்ததும், செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே → கலர்ஸ் என்று போனால் நேச்சுரல், பூஸ்டட், சாச்சுரேட்டட் என மூன்றும் இருந்தன. மூன்றாவது மோட் கணக்குப் பார்க்காத பழைய முறைதான் என்றும், துல்லியம் குறையும் என்றும் கூகுளே வெளிப்படையாகச் சொன்னது. வெளிறல் புகார் அத்தோடு முடிந்தது. நீலமும் திட்டும் அப்படியே இருந்தன.

நீலம் வருவது எப்படி? ஓஎல்இடியில் ஒளி பிறக்கும் அடுக்கு இரண்டு மின்முனைகளுக்கு நடுவே இருக்கிறது. ஒளி இரண்டிலும் பட்டு எதிரொளித்து, அந்த இடைவெளியின் அளவுக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் வலுப்பெற்று வெளியே வருகிறது. நேராகப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். சாய்வாகப் பார்க்கும்போது வலுப்பெறும் அலைநீளம் குறைந்து, நீலப் பக்கம் நகர்கிறது. அதோடு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. இது எந்த ஓஎல்இடிக்கும் உண்டு. எத்தனை டிகிரியில் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்பதில்தான் பேனலுக்குப் பேனல் தரம் மாறும். சாய்த்தால் எல்லாத் திரையிலும் ஏதோ ஒரு நிறம் ஓடும், நாங்கள் நீலத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பது கூகுளின் விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 6 அங்குலத் திரையின் நீளம் சுமார் 13.6 செ.மீ. போனை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, கண்ணை மிகச் சரியாக நடுவில் வைத்தால்கூட மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் 13 டிகிரி சாய்வில்தான் பார்க்கிறோம். மேசையில் வைத்துப் பார்த்தால் சாய்வு இன்னும் பல மடங்கு. நேராகப் பிடித்தால் தெரியாது என்ற சமாதானம் கையில் போன் வைத்திருப்பவருக்கு எடுபடாது.

திட்டுகளின் காரணம் வேறு. ஒவ்வொரு துணைப் பிக்சலுக்கும் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் தனி நிறப் புள்ளி) மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் உண்டு. எதுவும் இன்னொன்றைப் போல அச்சு அசலாக இருக்காது. வெளிச்சம் அதிகமாக இருக்கும்போது இந்தச் சிறு ஏற்றத்தாழ்வு அமுங்கிவிடும். வெளிச்சத்தை அடியோடு குறைத்தால் ஓடுகிற மின்னோட்டமே சொற்பம் என்பதால் அதே ஏற்றத்தாழ்வு பெரிதாகத் தெரியும். தொழிற்சாலையில் பேனலைக் கேமராவால் படமெடுத்து, எந்தப் பகுதிக்கு எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று பதிந்து அனுப்புகிறார்கள். இந்த வேலை சுமாராக முடிந்த பேனல்தான் இருட்டு அறையில் காட்டிக்கொடுக்கும்.

இனி உங்கள் போனுக்கு வருவோம். எந்த பிராண்டாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். முதலில் திரையின் நிறத்தை மாற்றும் எல்லாவற்றையும் அணையுங்கள்: நைட் லைட் அல்லது ஐ கம்ஃபர்ட், எக்ஸ்ட்ரா டிம், அடாப்டிவ் பிரைட்னஸ், பேட்டரி சேவர், ஐபோனில் ட்ரூ டோனும் நைட் ஷிஃப்டும். கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த டெம்பர்டு கிளாஸ் பிரைவசி வகையாகவோ நீல ஒளி தடுப்பு வகையாகவோ இருந்தால், அது ஒட்டியிருக்கும்வரை திரையைப் பற்றி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். பிரைவசி கிளாஸ் வெளிச்சத்தையும் கோணத்தையும் சேர்த்தே கெடுக்கும். போலராய்டு கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

பிறகு கலர் மோடை நேச்சுரலில் வைத்து முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, பிரைட்னஸைப் பாதியில் வையுங்கள். இங்கே அவசரம் கூடாது. பழைய போன் விவிட் மோடில் இருந்தால் அதன் வெள்ளை பெரும்பாலும் 7000 கெல்வினுக்கு மேல் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு, எண் கூடக் கூட நீலம்), நீலம் கலந்ததாகவே இருந்திருக்கும். 6500 கெல்வின் வெள்ளை அதன் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிவது கண் பழக்கம், கோளாறு கிடையாது. பழைய போனை அப்பால் வைத்துவிட்டுப் புதியதை மட்டும் சில நிமிடம் பார்த்தபின் மஞ்சள் மறைந்தால் விஷயம் முடிந்தது. பார்க்க வேண்டியது சமச்சீர். மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே வெள்ளையா? ஓர் ஓரம் மட்டும் பச்சையோ இளஞ்சிவப்போ அடிக்கிறதா? மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள். நன்றாகச் சாய்த்தபின் லேசாக நீலம் வந்தால் விட்டுவிடலாம். சாய்க்கத் தொடங்கியதுமே நிறம் மாறினால், அல்லது நீலத்துக்கு நடுவே பச்சை, இளஞ்சிவப்புப் பட்டைகள் வானவில்போல ஓடினால், பேனல் சுமார்தான்.

அடுத்தது இருட்டுச் சோதனை. விளக்கை அணையுங்கள். மூன்று எண்களும் 13 ஆக உள்ள, அதாவது சுமார் 5 சதவீதச் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் படத்தைத் திறந்து, பிரைட்னஸை அடி வரை இறக்கி, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருங்கள். படம் பிஎன்ஜி கோப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் வேண்டாம், சுருக்கும்போதே அதில் கட்டங்கள் வந்துவிடும். இதே காரணத்தால்தான் ஸ்ட்ரீமிங் சீரியலின் இருட்டுக் காட்சியில் தெரியும் கட்டங்களை வைத்துப் பேனலைத் திட்டக் கூடாது. வெற்றுச் சாம்பலில் செங்குத்துக் கோடுகள், ஒரு மூலை மட்டும் சிவப்பு, பெரிய திட்டுகள் இருந்தால் அது மாற்றிக் கேட்க வேண்டிய போன். மூக்கருகே வைத்தால் மட்டும் தெரியும் மெல்லிய பொடி, இன்றைய விலை உயர்ந்த போன்களிலும் இருக்கிறது. அதற்காக அலைவது வீண்.

இரண்டு சோதனையிலும் போன் தேறி, மனசுக்கு மட்டும் வெளிறலாகப் பட்டால் கலர் மோடை மாற்றுங்கள், அவ்வளவுதான். சாம்சங்கில் செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே → ஸ்கிரீன் மோட். விவிட் மோடில் ஒயிட் பேலன்ஸைத் தள்ளும் பட்டையும், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பட்டைகளும் உண்டு. வெள்ளையில் லேசான பச்சை இருந்தால் பச்சைப் பட்டையை ஒரு படி மட்டும் இறக்கிப் பாருங்கள். அதற்கு மேல் போனால் சாம்பல் நிறங்கள் இளஞ்சிவப்புக்குத் தாவிவிடும். ஒரு மூலையில் மட்டும் இருக்கும் நிறக் கறையை இந்தப் பட்டைகளால் போக்க முடியாது, அவை திரை முழுவதையும் சேர்த்தே நகர்த்தும். ஆன்லைனில் சேலை, பெயின்ட் ஷேட் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நேச்சுரலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. அரக்குச் சிவப்பு என்று நினைத்து வாங்கியது செங்கல் நிறத்தில் வந்து இறங்குவதற்கு விவிட் மோடும் ஒரு காரணம்.

கூகுள் கற்ற பாடத்தை மற்றவர்கள் படிக்கவில்லை என்பதும் வேடிக்கைதான். 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசை வந்தபோது சாம்சங் தன் விவிட் மோடின் நிறத்தை அடக்கியது. பழைய எஸ் வரிசையிலிருந்து மாறியவர்கள் வெளிறல் என்று கொதித்தார்கள். பிப்ரவரி அப்டேட்டில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் ‘விவிட்னஸ்’ என்று ஒரு பட்டை வந்து சேர்ந்தது.

பேனல் கோளாறுதான் என்று உறுதியானால் சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் ஆதாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ட்யூப்லைட் வெளிச்சத்தில் 5 சதவீதச் சாம்பல் யாருக்கும் தெரியாது. ஆட்டோ மோடில் படமெடுத்தால் கேமரா தானாக ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, நீங்கள் காட்ட நினைக்கிற குறையையே மறைத்துவிடும். புரோ மோடுக்குப் போய் ஒயிட் பேலன்ஸை 6500 கெல்வினில் நிறுத்தி, ஷட்டரை 1/60 நொடி அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். வேகமான ஷட்டரில் திரை மினுங்குவதால் கறுப்புப் பட்டைகள் விழும், அதைப் பார்த்துவிட்டுப் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதே மாடலில் இன்னொரு போன் கிடைத்தால் இரண்டையும் ஒரே வெள்ளைப் படத்தோடு, ஒரே பிரைட்னஸில், ஒரே ஃப்ரேமில் எடுங்கள். ஜாப் ஷீட்டில் ‘டிஸ்ப்ளே பிராப்ளம்’ என்று பொதுவாக எழுத விடாமல், எந்த மூலையில், எந்த பிரைட்னஸில், என்ன நிறம் என்று எழுதச் சொல்லுங்கள்.

முடிந்தவரை திரையை மட்டும் மாற்றிக்கொள்ளாமல் போனையே மாற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு பேனலுக்குமான நிற அளவீடு தொழிற்சாலையில் அந்த போனோடு சேர்த்துப் பதியப்படுகிறது. திரையைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அந்த அளவீட்டையும் புதிதாக ஏற்ற வேண்டும், அதை எல்லா இடத்திலும் செய்வதில்லை. மாற்றி வந்த போனும் அதே லாட்டிலிருந்து வந்திருக்கலாம். அதையும் சாம்பல் படத்தில் பார்த்து முடித்த பிறகு சிம்மையும் டேட்டாவையும் மாற்றுங்கள்.