வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை வைத்து டெஸ்ட் செய்யாதீர்கள்

ஓவியர்கள் தங்கள் படைப்புகளை ஏற்றி விற்பதற்கான செயலி ஒன்று முதல் பில்டுக்கு (சோதித்துப் பார்க்கும் பதிப்புக்கு) வந்ததும், சென்னை தரமணிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குழு வழக்கமாகச் செய்வது இதுதான்: தெரிந்த ஓவியர்களிடம் "நாலு படம் அனுப்புங்க சார்" என்று வாட்ஸ்ஆப்பில் கேட்பது. படங்கள் வரும், ஏற்றினால் அழகாக ஏறும். சிக்கலே அங்கேதான். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்ஆப் சுருக்கி, நேராகத் திருப்பி, எக்ஸிஃப் தகவலையும் (படத்தின் திசை, எடுத்த இடம் என்று கேமரா ஃபைலுக்குள் எழுதும் குறிப்புகள்) களைந்துவிட்டுத்தான் தருகிறது. நம் செயலி தடுமாற வேண்டிய இடங்களையெல்லாம் அது முன்கூட்டியே சமன்செய்துவிடுகிறது.

அதனால் ஓவியர் தன் போன் கேலரியிலிருந்தே ஏற்ற வேண்டும். 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமும், 1850இல் தொடங்கிய எழும்பூர் கவின்கலைக் கல்லூரியும் உள்ள ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஃபைல் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அசல் ஃபைல் வந்தவுடன் முதலில் உடைவது திசை. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் பிக்சல்களைத் திருப்புவதில்லை. 'காட்டும்போது திருப்பிக்கொள்' என்று எக்ஸிஃபில் ஒரு எண்ணை எழுதிவைக்கும். 6 என்றால் வலப்பக்கம் 90 டிகிரி. சிறுபடம் தயாரிக்கும் சர்வர் அதைக் கவனிக்காமல் எக்ஸிஃப் உள்ளிட்ட மெட்டாடேட்டாவை நீக்கினால் ஓவியம் படுத்துவிடும். உருவப்படம் என்றால் யாருக்கும் தெரியும். அரூப ஓவியம் படுத்திருப்பது வரைந்தவரைத் தவிர யார் கண்ணிலும் படாது. 1 முதல் 8 வரை எல்லா எண்களுக்கும் ஒவ்வொரு ஃபைல், ஒவ்வொன்றிலும் 'மேல்' என்று அம்புக்குறி போட்ட காகிதம், இது கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

மெட்டாடேட்டாவை நீக்காமல் விடவும் முடியாது. அதில் ஜிபிஎஸ் இருக்கலாம். வாங்க வருபவருக்கு ஓவியரின் வீட்டு வாசலே தெரிந்துவிடும். ஆனால் ஒரேயடியாகத் துடைத்தால், நிற எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் கலர் ப்ரொஃபைலும் சேர்ந்து போகும். புதிய ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற அளவையில் படம் எடுக்கின்றன. ப்ரொஃபைல் போய்விட்டால் திரை அதே நிற எண்களைச் சாதாரண அளவையான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு, சிந்தூரச் சிவப்பை வெளிறிய செங்கல் நிறமாகக் காட்டும். ஆகவே முதலில் திருப்பு, அடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று, கடைசியில் துடை. துடைப்பது முன்னால் வந்தால் ஏதாவது ஒன்று கெடும்.

தஞ்சாவூர் ஓவியம் கட்டாயம் மாதிரியில் இருக்கட்டும். ஜேபெக் சுருக்கத்தில் வழக்கமான 4:2:0 முறை வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும். கடற்கரைப் புகைப்படத்தில் அது தெரியாது. தங்க ரேக்குக்குப் பக்கத்தில் அடர்சிவப்புப் பட்டு வரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்பு ஓரம் கசிந்து நிற்கும். பெரிதாக்கிப் பார்க்கும் படத்துக்கு நிறத்தைக் குறைக்காத 4:4:4 வைத்துக்கொள்வது நல்லது. ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், ஆகட்டும். சிறுபடத்துக்குத் தேவையில்லை.

விலை குறைந்த போன்களில் வரும் கிராஷுக்குக் கணக்கு எளிது. 4032க்கு 3024 பிக்சல் படம் ஃபைலாக 4 எம்பி இருந்தாலும், திறக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 49 எம்பி மெமரி எடுக்கும். ஒரு திரையில் ஒன்பது படம் என்றால் 440 எம்பியை நெருங்கும். கட்டத்தில் காட்ட 400 பிக்சல் சிறுபடம் போதும்.

நெட்வொர்க்கைச் சோதிக்க ஆபீஸ் வைஃபை உதவாது. சென்ட்ரலில் இருந்து எழும்பூருக்குச் சுரங்கத்தில் போகும் மெட்ரோவில் ஏற்றிப் பாருங்கள். படம் போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் சிக்னல் அறுந்தால் செயலி மறுபடி அனுப்பும்; ஒரே ஓவியம் இரண்டு முறை பட்டியலில் நிற்கும். ஏற்றத் தொடங்கும் முன்பே போன் அந்தப் படத்துக்குத் தனி அடையாள எண் ஒன்றைத் தர வேண்டும்; அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்கக் கூடாது.

அளவுப் பெட்டியும் லேசுப்பட்டதில்லை. இங்கே "24க்கு 36" என்றால் அங்குலம். படிவம் செ.மீ. கேட்டால் மூன்றடி கேன்வாஸ் ஒன்றேகால் அடிகூட இல்லாமல் போய்விடும். உயரம், அகலம் என்று தனித்தனிப் பெட்டி, பக்கத்தில் அலகு. அவ்வளவுதான்.

ஆள் எண்ணிக்கையில் கூகுள் பிளே கறார். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், வெளியிட விண்ணப்பிக்கும் முன் மூடிய சோதனையில் (நாம் சேர்ப்பவர்கள் மட்டும் பயன்படுத்துவது) 12 பேர் 14 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். பாதியில் ஒருவர் விலகினாலும் ஆள் குறையும், அதனால் 20 பேரைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். ஆப்பிளின் சோதனைத் தளமான டெஸ்ட்ஃப்ளைட்டில் ஒரு பில்ட் 90 நாளில் காலாவதி.

"செயலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில், அசல் ஓவியத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, போனைப் பக்கத்தில் பிடித்து, எந்த நிறம் மாறியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் போனில் நைட் லைட்டும் கண் பாதுகாப்பு மோடும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 'மஞ்சளாக இருக்கிறது' என்ற புகாருக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.