கைரேகை விழாத விரல்கள்

செப்டம்பர் 1, 2025

மாதத்தின் முதல் நாள். நான் விற்பனையாளராக இருக்கும் ரேஷன் கடையைத் திறக்கும் முன்பே வாசலில் பைகள் வரிசையாகக் கிடந்தன. எல்லா ஊர்களிலும் இன்று கூட்டம் என்பதால் சர்வர் திணறுகிறது. போதாக்குறைக்குத் தராசையும் புளூடூத் வழியாக, அட்டைதாரரின் கைரேகையைப் பதிந்து பில் போடும் இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள். அரிசி, சீனி, பருப்பு என ஒவ்வொன்றின் எடையும் இயந்திரத்தில் ஏறிய பிறகுதான் பில் வரும். எடை குறையக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் பாதியில் இணைப்பு அறுந்தால், இறக்கிய அரிசியை மறுபடி தராசில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 2

தென்காசிப் பக்கத்தில் இது பீடி சுற்றும் ஊர். இலையை உருட்டி உருட்டிப் பெண்களின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வழவழவென்று தேய்ந்துவிட்டன. அதனால் நான் எடுத்த எடுப்பிலேயே இடக்கை மோதிர விரலைக் கேட்கிறேன். தோல் வறண்டிருந்தால் தலைமுடியில் ஒருமுறை தேய்த்துவிட்டு வைக்கச் சொல்கிறேன். பலருக்கு விழுந்துவிடுகிறது.

இன்று ஓர் அம்மாவுக்குப் பத்து விரலும் விழவில்லை. கண்புரை அறுவை செய்துகொண்டவர். கருவிழிப் பதிவும் எடுபடவில்லை. “என் அட்டைதானே தம்பி, என்னை உனக்குத் தெரியாதா?” என்றார். நன்றாகத் தெரியும். தனியாக வசிப்பவர், வேறு யாரும் வந்து விரல் வைக்க முடியாது. தாயுமானவர் திட்டத்தில் வீடு தேடிப் பொருள் போவது 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்தான், இவருக்கு 66. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைக் கொடுத்தேன்.

செப்டம்பர் 4

பதினொரு மணிக்கு சர்வர் நின்றது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காக வேப்பமரத்தடிக்குப் போய்ப் பார்த்தும் பயனில்லை. தெருவாரியாக டோக்கன் எழுதிக் கொடுத்து, சர்வர் வந்ததும் போனில் சொல்கிறேன் என்றேன். சிலர் போகவில்லை. பீடித் தட்டை மடியில் வைத்துத் திண்ணையிலேயே சுற்றத் தொடங்கினார்கள். வயல் வேலையை விட்டு வந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விட்டது.

செப்டம்பர் 9

கையெழுத்தில் பொருள் கொடுத்த அட்டைகளுக்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் காரணத்தை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை ரேகை விழாவிட்டால் கையெழுத்தே போதும், பிறகு விளக்கம் கேட்கக் கூடாது என்று தனியாக ஒரு மனுவும் எழுதியிருக்கிறேன். பக்கத்து ஊர் விற்பனையாளர்களும் அதில் கையெழுத்திட வருகிறார்கள்.